பாய்லரை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை

வைப்பரக்காவுக்குக் கைதான் பேசும், வாய் பேசாது. அதுவும் எதிரே ஒரு மேஜை போட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து, "சொல்லும்மா" என்று ஆரம்பித்துவிட்டால் போச்சு. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் எட்டு வருஷமாக ஒரு பயணிகள் கப்பலின் இன்ஜின் ரூமில் எண்ணெய் துடைத்தவள், அடித்தட்டில் தேங்கும் அழுக்குத் தண்ணீரை வாரிக் கொட்டியவள், பாய்லருக்குள்ளேயே உடம்பை நுழைத்துக் கரி சுரண்டியவள். இந்த வேலை பார்ப்பவர்களுக்குக் கப்பலில் வைப்பர் என்று பேர். அதோடு 'அக்கா'வும் ஒட்டிக்கொண்டதில், சொந்தப் பேரை அடையாள அட்டையில் மட்டும்தான் பார்க்க முடியும் என்று ஆகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவளிடம் போன வருஷம் வைவாவில், அதுதான் வாய்மொழித் தேர்வில், "பாய்லர் என்றால் என்ன?" என்று கேட்டார்கள். அவள் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், இவளும் பொறுமையாகக் காத்திருந்தாள், நேரம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின தடவையும் இதே கூத்துதான். செய்முறைத் தேர்வில் இரண்டு தடவையும் தொண்ணூறுக்கு மேல். வைவாவில் இரண்டு தடவையும் முட்டை.

இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கடலில் வேலை பார்த்த பிறகுதான் மனுவே போட முடியும் என்பது விதி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவளுடைய கப்பலில் இருந்த மோட்டார்மேன் இந்த மாசக் கடைசியோடு வேலையை விட்டுப் போகிறார். மோட்டார்மேன் என்றால் துடைக்கிற ஆள் இல்லை, இயந்திரத்தைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காவல் நிற்கிற ஆள். அந்த நான்கு மணி நேரத்துக்கு வாட்ச் என்பார்கள். "சர்டிபிகேட்டோட வா, அந்த இடம் உனக்குத்தான். இல்லன்னா வெளியிலேருந்து ஆளைப் போட்டுடுவாங்க, என் கையில ஒண்ணும் இல்ல" என்று சீஃப் இன்ஜினியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த இடத்தின் மேல் அக்காவுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. எட்டு வருஷமாக அடுத்தவர்கள் நிற்கிற வாட்சுக்குத் துணி எடுத்துக் கொடுத்தாயிற்று. தன் பேரில் ஒன்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். மனுஷனுக்கு வாய் ஓயவே ஓயாது. இரண்டு மாசமாக அவளைக் கடை பெஞ்சில் உட்காரவைத்து, கத்தரியும் கையுமாகக் கேள்வி கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் சோப்பு நுரையோடு சாய்ந்திருக்கிற ஆள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். கடைசியில் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஃபீட் பம்ப்தான் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் வார்த்தை வரவில்லை.

"உனக்குத் தெரியாமலா இருக்கு? தெரியும். அப்புறம் எதுக்கு மென்னு முழுங்குறே?" என்றார் தேர்வன்று காலையில்.

"தெரிஞ்சவங்கதான கேக்குறாங்க. தெரிஞ்சவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு தோணுதுங்க" என்றாள் அக்கா.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே பஸ் வந்துவிட்டது.

தேர்வு ஒரு பயிற்சி நிலையத்தில். முன்னால் மூன்று மாடிக் கட்டடம். பின்னால், ஒரு பெரிய மைதானத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். காலையில் ஒர்க்‌ஷாப்பில் செய்முறை, மத்தியானம் இரண்டு மணிக்கு மாடியில் வைவா. செல்போன், பை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் தேர்வெடுத்தவர் ஒரு பெரிய மீசைக்காரர். முப்பது வருஷம் கப்பலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்தவர், எல்லாருக்கும் மீசை சார். அவரோடு சேர்ந்து தேர்வெடுக்க வேண்டியவருக்கு அன்றைக்குக் காய்ச்சல், ஆகவே ஒண்டியாளாக அல்லாடிக்கொண்டிருந்தார். அதுபோக, நிமிஷத்துக்கொரு தரம் போனை எடுத்துப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும் மீசையை நீவுவதுமாக இருந்தார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்களாம். காலையிலிருந்து வந்த எல்லாரிடமும் அதை அவரே சொல்லிவிட்டார்.

அக்காதான் கடைசி ஆள். மற்றவர்கள் எல்லாரும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மூலையில் ஒரு சின்ன பாய்லர், ஆள் உயரம்தான் இருக்கும். ஆனால் நிஜ பாய்லர். பர்னரைப் பற்றவைத்தால் நிஜமாகவே நீராவி கட்டும், அந்த நீராவி குழாய் வழியாக வெளியே இருக்கிற எண்ணெய்த் தொட்டியைச் சூடாக்கப் போகும். வழக்கமாகத் தண்ணீர் குறைந்தால் அதுவே பம்பைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். தேர்வுக்காக அந்தத் தானியங்கி வசதியை மீசை சார் எடுத்துவிட்டிருந்தார். தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்து, ஆள்தான் பம்பைப் போட வேண்டும், ஆள்தான் நிறுத்த வேண்டும். அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு கேஜ் கிளாஸ் என்று பேர்.

அக்கா வால்வுகளைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், உள்ளே தங்கியிருக்கும் வாயு போகக் காற்றை ஓடவிட்டாள், பர்னரைப் பற்றவைத்தாள். முதல் முயற்சியிலேயே கப்பென்று பிடித்தது. மீசை சார் தலையை ஆட்டி ஆட்டித் தாளில் எழுதினார். அழுத்தம் ஏறி ஐந்து பாரைத் தொட்டது. நீராவியின் அழுத்தத்தை பார் கணக்கில்தான் அளப்பார்கள். சரியாகப் பன்னிரண்டு மணி. அந்த நேரத்தில்தான் அவருடைய போன் அடித்தது.

"என்ன? பொறந்தாச்சா? எப்போ? ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" அவர் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "அம்மா, எனக்குப் பேத்தி பொறந்திருக்கு! நான் தாத்தாவாயிட்டேன்!"

"ரொம்ப சந்தோஷம் சார்!"

"இதை நிறுத்திடாதே, இப்படியே ஓடட்டும், ஏழு பார் வரைக்கும் நான் பாக்கணும். அஞ்சே நிமிஷம், மாடியில வைவா எடுக்கிற மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றவர் மைதானத்தில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு ஆள் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. செருப்பில் ஒன்று கழன்றுவிட்டது, அதை எடுக்கக்கூட அவர் திரும்பவில்லை. மாடிப் பக்கம் திரும்ப வேண்டியவர் நேரே வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அக்கா கதவோரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோ கிளம்பிய பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

பாய்லர் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. அஞ்சு நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, யாரும் வரவில்லை.

இன்ஜின் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. வாட்ச் மாற்றும்போது போகிற ஆள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பான். எதில் சூடு ஏறியிருக்கிறது, எதில் சொட்டுகிறது, எந்தப் பம்ப் மக்கர் பண்ணுகிறது, எல்லாம். வருகிறவன் கேட்டுவிட்டு, "வாங்கிக்கிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அந்த ஒரு சொல் காதில் விழாமல் போகிறவன் ஓர் அடி நகரமாட்டான், கப்பலே கரை தட்டினாலும் சரி. அக்கா வாட்ச் நின்றவள் இல்லைதான். ஆனால் எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில்கூட அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வீட்டுக்காரர் "வாங்கிக்கிட்டேன், தாயே, போ" என்று சொன்னால்தான் குளிக்கப் போவாள்.

இந்த பாய்லரை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆகவே அவள் நின்றாள்.

சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. சாக்பீஸ் எடுத்து நேரம், அழுத்தம், தண்ணீர் மட்டம் என்று மூன்று கோடு கிழித்தாள். கால் மணிக்கொரு தரம் எழுதினாள். மீசை சார் அவளுடைய மார்க் தாளை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்க்கக் கூடாது என்று கவிழ்த்துப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு ஸ்பானரை வைத்தாள். வயிறு கபகபவென்று எரிந்தது. குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், அப்புறம் ஏன்தான் குடித்தோமோ என்று நொந்துகொண்டாள். பாத்ரூம் மைதானத்துக்கு அந்தப் பக்கம்.

ஒன்றே முக்கால் இருக்கும். கேஜ் கிளாஸைப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றுவிட்டாள். தண்ணீர் பாதியில் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னாலும் பாதியில்தான் இருந்தது. ஓடுகிற பாய்லரில் அந்தத் தண்ணீர் லேசாக ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது.

"பொய்யா சொல்றே? இரு, உன்னைக் கவனிக்கிறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினாள்.

கிளாஸுக்கு மேலே நீராவி வரும் வழி, கீழே தண்ணீர் வரும் வழி. இரண்டையும் மூடிவிட்டு அடியில் வடிகாலைத் திறந்தாள். முதலில் நீராவி வழியை மட்டும் திறந்தாள், சீறிக்கொண்டு வந்தது. அதை மூடித் தண்ணீர் வழியைத் திறந்தால், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடைப்பு. இரண்டு மூன்று தடவை திறந்து மூடினாள். கருப்பாகப் பொருக்குத் துண்டு ஒன்று வடிகாலில் வந்து விழுந்தது, அதன் பின்னாலேயே தண்ணீர் கொப்பளித்தது. இதற்குக் கிளாஸை ஊதுவது என்று பேர். வடிகாலை மூடி, இரண்டு வழியையும் பழையபடி திறந்ததும் கிளாஸில் உண்மையான மட்டம் தெரிந்தது. அடியிலிருந்து இரண்டு விரல்கடை. பம்பைப் போட்டாள். தண்ணீர் மெல்ல மேலே வந்தது, வந்ததும் ஆட ஆரம்பித்தது. "அப்படி வா வழிக்கு" என்றாள். பொருக்குத் துண்டை ஒரு துணியில் எடுத்து மேஜை மேல் வைத்து, பலகையிலும் எழுதினாள்.

இனி இதை விட்டு நகருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டே முக்காலுக்கு ஆபீஸ் அண்ணன் வந்தார். தாள், பேனா, டீ என்று எல்லாவற்றையும் மாடிக்கும் கீழுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். போன இரண்டு தேர்வின்போதும் அக்கா வைவா அறையிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்ததை அவர்தான் பார்த்தவர், தண்ணீர் கொடுத்தவரும் அவரே.

"என்னம்மா இங்க நிக்கிறே? மேல உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு."

"மீசை சார் வரலையே அண்ணே."

"அவர் எங்க வரப்போறாரு? ஆஸ்பத்திரியில உக்காந்து பேத்தியைக் கொஞ்சிட்டிருப்பாரு. நீ போ, நான் பாத்துக்கிறேன்."

அக்காவுக்கு ஒரு நொடி கால் பரபரவென்றது. "தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுங்க அண்ணே, பாப்போம்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு எண்ணெய்த் தொட்டியின் அளவுகோலைக் காட்டினார்.

"நான் வரலை அண்ணே. யாராவது வந்தாத்தான் வருவேன்னு மேடம்கிட்ட சொல்லுங்க."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். மாடிக்குப் போய், வைவாவுக்குத் தலைமை தாங்கிய மேடத்தின் காதருகே குனிந்து, "பாவம் மேடம், பயந்துக்கிட்டு பாய்லர் பக்கத்துல போய் ஒளிஞ்சிருக்கு. கூப்பிட்டா வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர், கெடுக்க நினைத்தவரே இல்லை. ஆனால் நல்லெண்ணத்தில் அவர் செய்த காரியத்தால் மூன்றரை மணிக்கு மேடம் பெருமூச்சுவிட்டு, சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்.

கீழே அக்காவுக்கு இது தெரியாது. ஆனாலும் நேரம் போவது தெரிந்துகொண்டுதானே இருந்தது? கடிகாரம் எதிரிலேயே இருந்தது. மூன்றாகி, மூன்றேகாலாகி, மூன்றரையும் ஆயிற்று. தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லு, நீ பாய்லருக்காக நிக்கிறியா, இல்ல அந்த மேஜைக்குப் பயந்துக்கிட்டு நிக்கிறியா?

யோசித்துப் பார்த்தாள். பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டாள். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள்! பசித்தது, கால் கடுத்தது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மாடியில் வாழ்க்கையே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது, அப்படியும் சந்தோஷமாக இருந்தாள். அக்கா துணி எடு, அக்கா வாளி எடு என்று கத்த ஆள் இல்லை. பர்னர் தானாக நிற்பதும், அழுத்தம் இறங்கியதும் தானாகப் பிடிப்பதும் அவள் காதுக்குப் பழகிவிட்டன. தண்ணீர் இறங்கினால் கொடுத்தாள், ஏறினால் நிறுத்தினாள். பன்னிரண்டிலிருந்து நாலு வரை, கப்பலில் அது ஒரு முழு வாட்ச். சர்டிபிகேட் கிடைக்காவிட்டால் போகட்டும், இந்த வாட்சை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. ஏனென்றால் அவளுக்கு இந்த ஒன்று போதவில்லை, இன்னும் வேண்டும். நிறைய வேண்டும்.

நாலு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ கிரீச்சென்று நின்றது. "பாய்லர்! பாய்லர்!" என்று மைதானமே அதிர ஒரு குரல் வந்தது.

மீசை சார் ஓடி வந்தார். காலில் ஒற்றைச் செருப்பு, தோளில் குழந்தையின் சின்னத் துண்டு, முகம் பேயறைந்த மாதிரி. ஒர்க்‌ஷாப் வெடித்துச் சிதறியிருக்கும் என்று எண்ணி வந்த மனுஷர் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"மெதுவா சார். தரையில தண்ணி கிடக்கு" என்றாள் அக்கா.

"நீ... நீ போகலையா?"

"எப்படி சார் போறது? நீங்க வாங்கிக்கலையே."

அவர் அப்படியே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, மீசை மட்டும் துடித்தது. "பேத்தியைக் கையில குடுத்தாங்கம்மா. மூணு மணி நேரம் வெளியவே உக்கார வெச்சுட்டு இப்பத்தான் குடுத்தாங்க. கதகதன்னு இருந்துச்சு. அந்தச் சூடு கையில பட்டுச்சு பாரு, அப்பத்தான் ஐயையோ பாய்லர்னு ஞாபகம் வந்துச்சு! பிள்ளையை அப்படியே சம்பந்தியம்மா கையில திணிச்சுட்டு ஓடி வர்றேன்."

"சம்பந்தியம்மா வாங்கிக்கிட்டேன்னு சொன்னாங்களா சார்?"

அவர் வெடித்துச் சிரித்தார். "சொல்லலையே! ஆனா கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க." எழுந்தார், சின்னத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், இன்ஜின் ரூமுக்குள் நுழைகிற ஆளைப் போல நிமிர்ந்து நின்றார். "சரி. குடு. நான் வாட்ச் வாங்க வந்திருக்கேன்."

அதற்குள் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு மேடம் கோப்பும் கையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார், பின்னாலேயே ஆபீஸ் அண்ணன். இருவரும் வாசலில் நின்றதை அக்கா கவனிக்கவில்லை. அவள் பாய்லரைப் பார்த்துத் திரும்பி நின்று, சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"அழுத்தம் ஆறு பார் சார். அஞ்சுல பர்னர் பிடிக்கும், ஏழுல நிக்கும், நாலு மணி நேரமும் தவறலை. தண்ணி பாதிக்கு ஒரு விரல் மேல, அஞ்சு நிமிஷம் முன்னாடி குடுத்தது. ஃபீட் பம்ப் தண்டுகிட்ட லேசா சொட்டுது, நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டு, ஒண்ணும் அவசரமில்ல, ஆனா நாளைக்குப் பாத்துடுங்க. தீ நல்ல மஞ்சள், புகை இல்ல. ஒண்ணே முக்காலுக்கு கேஜ் கிளாஸ் பொய் சொல்லிச்சு சார்."

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மீசை சார்.

"ஆடாம நின்னுச்சு. நீராவி வெளிய போயிட்டே இருக்கு, நான் தண்ணி குடுக்கலை, அப்போ மட்டம் இறங்கணுமா இல்லையா? இறங்கலைன்னா கீழ் வழி அடைச்சிருக்குன்னுதான அர்த்தம்? ஊதி விட்டேன். இதோ, இந்தப் பொருக்குதான்."

"நீங்க பாக்கறப்போ கிளாஸ்ல தண்ணியே தெரியாமப் போயிருந்தா?" இது மேடத்தின் குரல்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தீயை நிறுத்துவேன். தண்ணி விடமாட்டேன். உள்ள இரும்பு காய்ஞ்சு கிடக்கும், அதுமேல போய் தண்ணி பட்டா நாம யாரும் இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டோம். தானா ஆறட்டும்னு விட்டுட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்."

"பொருக்கு எங்கேருந்து வந்திருக்கும்?"

"தண்ணிக்கு மருந்து சரியாப் போடலைங்க. உள்ள உப்பு படிஞ்சிருக்கு. அடுத்த தடவை அணைக்கிறப்போ திறந்து பாக்கணும்."

கேள்விக்கு மேல் கேள்வி. சேஃப்டி வால்வு, பர்னர், எண்ணெயின் சூடு, புகையின் நிறம். அவள் மூச்சுவிடாமல் சொன்னாள், கையைக் காட்டிச் சொன்னாள், நடுவில் ஒரு தடவை "இருங்க, தண்ணி குடுத்துட்டு வர்றேன்" என்று மேடத்தையே நிறுத்திவைத்துவிட்டுப் பம்பைப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். வாய் வராத வைப்பரக்காதான் இவள் என்று சத்தியம் செய்தாலும் ஆபீஸ் அண்ணன் நம்பியிருக்க மாட்டார். இதிலே மாயம் ஒன்றுமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வராது. இங்கே நடந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஒன்றை விட்டுவிட்டால் வாங்குகிறவர் தலையில் விடியும். அப்படியிருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

எல்லாம் முடிந்து மீசை சார், "வாங்கிக்கிட்டேன்" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அக்கா கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ" என்று வாசலுக்குப் பாய்ந்தாள். மேடம் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஓடறீங்க?"

"வைவாவுக்கு மேடம். லேட்டாயிடுச்சுன்னு தெரியும், ஒரே ஒரு தடவை மட்டும்..."

"அப்போ இவ்வளவு நேரம் நடந்ததுக்கு என்ன பேரு?"

அக்கா மீசை சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் கேக்கணும், கேட்டாச்சு. குறைஞ்சது பன்னிரண்டு கேள்வி இருக்கணும், நான் எண்ணிட்டுத்தான் வந்தேன், பதினாலு. எந்த ரூம்ல வெச்சுக் கேக்கணும்னு விதியில எங்கேயும் எழுதலை." மேடம் கோப்பைத் திறந்து சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், மீசை சாரிடமும் ஒன்று வாங்கினார். "தொண்ணூத்தாறு. நாலு மார்க் ஏன் போச்சு தெரியுமா? ஆளைக் கூப்பிடத் தெரியலை. பாய்லர் எரியுது, ஆள் அனுப்புங்கன்னு நாலு வார்த்தை எழுதிக் குடுத்திருந்தா நானே இறங்கி வந்திருப்பேன். வாட்ச்ல நிக்கிறவங்க கத்தவும் தெரிஞ்சுக்கணும்."

"சரிங்க மேடம். இனிமே கத்தறேன் மேடம்" என்றாள் அக்கா. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. தேர்ச்சி! எட்டு வருஷம், மூன்று தடவை, கடைசியில் கிடைத்தேவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

"இன்னிக்கு பெயில் ஆன ஆள் ஒருத்தர் இருக்காரு" என்று மேடம் திரும்பினார். மீசை சார் தலையைக் குனிந்துகொண்டார். "எரியிற பாய்லரை விட்டுட்டுப் போனதுக்கு நான் மேல எழுதியாகணும் சார். பேத்தி பொறந்தா சந்தோஷம்தான், அதுக்காக?"

"எழுதுங்க மேடம். எழுதலைன்னா நானே எழுதுவேன்" என்றார் அவர், மனசார.

ஆபீஸ் அண்ணன் சொல்லாமலே மாடிக்கு ஓடி அக்காவின் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தார். "நான்தான்ம்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவர் முணுமுணுத்தபோது அவளுக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு பசி. முதலில் பாத்ரூமுக்கு ஒரு ஓட்டம், அப்புறம் சாப்பாடு. டப்பாவைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு அவள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது மீசை சார் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "வர்றேன், வர்றேன். இங்க இதை அணைச்சு, அழுத்தம் முழுக்க இறங்குற வரைக்கும் ஆள் நிக்கணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"நீங்க போங்க சார். நான் நிக்கிறேன்."

"நீ ஏம்மா? உன் தேர்வுதான் முடிஞ்சுதே."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். மீசை சார் கனைத்துக்கொண்டு பாய்லரின் பக்கத்தில் நேராக நின்றார், இவளிடம் முறைப்படி ஒப்படைக்க ஆரம்பித்தார். "அழுத்தம் ஆறரை. தண்ணி பாதி. பம்ப் சொட்டுறது உனக்கே தெரியும்..."

"கேஜ் கிளாஸை எப்ப ஊதினீங்க சார்?"

மீசை சாரின் கை மீசைக்குப் போனது. "நான்... இன்னும் ஊதலை."

"அப்போ பாதின்னு எப்படிச் சொல்றீங்க? ஒரு தடவை அடைச்ச கிளாஸ் சார் அது. ஊதிட்டு வந்து குடுங்க, வாங்கிக்கிறேன்."

மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். முப்பது வருஷக் கப்பல்காரர் மறுபேச்சு பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டு, வழியை மூடி, வடிகாலைத் திறந்து, நீராவி சீறச் சீற ஊதிக் காட்டினார். மட்டம் ஏறி வந்து ஆடியது. அக்கா குனிந்து, கண்ணை இடுக்கி, நன்றாகப் பார்த்தாள்.

"வாங்கிக்கிட்டேன் சார். பிள்ளை காத்திட்டிருக்கும், போங்க."

அவர் ஓடினார். அக்கா பர்னரை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.

"துணைக்கு நான் வேணா நிக்கட்டுமா?" என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம், நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. இது என் வாட்ச்" என்றாள் அக்கா.